காலத்தின் கழுத்து

என் கண்ணான எபிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக டிவியைப் போட்டேன். முகம் கழுவவில்லை. பால் பாக்கெட்டை எடுக்கவில்லை. வாசல் விளக்கைக்கூட அணைக்கவில்லை. அம்மா விழித்துவிடக் கூடாதென்று சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆறு மணிக்கு மறு ஒளிபரப்பு என்று நேற்றே பார்த்து வைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் காலம் ஆடினான், எபி. கோப்பைக்கான இறுதிப் போட்டி. இரண்டாம் பாதியில் அவனை இறக்கப் போகிறார்கள். கோட்டோரத்தில் நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கிறான். நானும் அம்மாவும் உன் அத்தானும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. நீ போன பிறகு இங்கே கரண்ட் தினமும் சொல்லிவைத்த நேரத்துக்குப் போகிறது. நேற்று மட்டும் சொல்லாமல் போனது. திரும்பி வந்தபோது படுக்கும் நேரமாகிவிட்டது. திரையில் யாரோ வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெயிச்சானா தோத்தானான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா இந்தக் கரண்டு?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் படுத்தாளே தவிர, தூங்கவில்லை. எனக்குத் தெரியும். நானும்தான் தூங்கவில்லை.

என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். சின்ன வயதில் நான் பார்த்துவிட்டு வந்த சினிமாவின் முடிவை உன்னிடம் முதலிலேயே சொல்லி எத்தனை குத்து வாங்கியிருக்கிறேன்! தவிர, நம் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கிறவர்களுக்குக் காலம் யாரென்று தெரிய வேண்டுமே.

காலம் என்பது ஓர் ஆளின் பெயர். அயர்லாந்துக்காரன். அவர்கள் அதை எப்படியோ எழுதிக்கொள்ளட்டும், காதில் விழுவது அச்சு அசலாகக் காலம்தான். நீ அயர்லாந்தில் ஆஸ்பத்திரி வேலையை விட்டு ஒரு ரக்பி அணிக்குப் பிசியோதெரபிஸ்ட்டாகப் போன புதிதில் போன் செய்து, "அக்கா, இங்க காலம்னு ஒருத்தன் இருக்கான்" என்றாய். "காலம்னு ஒருத்தனா? கலிகாலம்தான் போ" என்றேன். மாட்டுப் பண்ணைக்காரர் மகன், பத்தொன்பது வயதில் அணிக்கு வந்தவன், கதவைத் திறந்தால் கதவு அளவுக்கே நிற்பான் என்றெல்லாம் சொன்னாய்.

அவன் ஆடும் இடத்துக்கு ப்ராப் என்று பெயர். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து, தோளைத் தோளோடு முட்டித் தள்ளுவார்களே, அதில் முன்வரிசை. "மாடிக்குத் தளம் போடும்போது சென்ட்ரிங் பலகைக்கு அடியில முட்டு குடுப்பாங்க இல்ல அத்தான், அந்த முட்டுதான் இவன்" என்று நீ விளக்கினாய். உன் அத்தானுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "அப்போ கான்கிரீட் காஞ்சதும் கழட்டிப் போட்டுடுவாங்களே, பாவம்" என்றார்.

அம்மாவுக்குத்தான் புரியவே இல்லை. அந்த ஆட்டத்தில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் வைப்பதற்கு ட்ரை என்று பெயராம். அதுதான் அவர்களுக்கு கோல். இதை நீ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

"இன்னைக்கு காலம் எத்தனை ட்ரை பண்ணான்?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"அவன் ட்ரை எல்லாம் பண்ண மாட்டாம்மா."

"நேத்து?"

"நேத்தும் இல்ல. இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட இல்லம்மா."

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து அதையே முறைத்துப் பார்த்தாள். "சோறு போட்டு, சம்பளம் குடுத்து, துணி எடுத்துக் குடுத்து வச்சிருக்காங்க. ஒரு தடவைகூட ட்ரை பண்ணலையா? அவ்வளவு சோம்பேறியாடா அவன்?"

நீ சிரித்த சிரிப்பில் போன் கார்டு தீர்ந்துபோனது. அடுத்த வாரம் பொறுமையாகச் சொன்னாய். அந்தக் காலத்தில் கோட்டைத் தொட்டால் புள்ளி கிடையாது, இரண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும், அதனால் வந்த பெயர் என்றாய். முட்டுக் கொடுக்கிறவனுக்கு ஓட இடமே கிடைக்காது, அவன் தள்ளிக் கொடுத்த பந்தை வைத்து வேறு யாராவது ஓடிப்போய்ப் புள்ளி வாங்குவார்கள் என்றாய். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "இருக்கட்டும். ஒண்ணாவது பண்ணச் சொல்லு" என்றாள்.

அந்தச் சோம்பேறிக்குத்தான் கழுத்து போனது. நாட்டுக்காக முதல் தடவையாகச் சட்டை போட்டு ஆடிய சில வாரங்களிலேயே, இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்ற கூட்டம் சரிந்து அவன் தலைமேல் விழுந்தது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருந்த தட்டு நழுவிவிட்டது. ஆபரேஷன் செய்து எலும்புகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். நன்றாகத்தான் செய்தார்கள், நடப்பான், மாடு மேய்ப்பான், பிள்ளையைத் தூக்குவான், ஒரு குறையும் வராது என்றார்கள். மறுபடி முன்வரிசையில் நிற்பானா என்று கேட்டபோது மட்டும் எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள் என்றாய்.

"நான் நிக்க வைக்கிறேங்க்கா" என்றாய்.

சாதாரணமாக, வரும்போது காய்கறி வாங்கி வருகிறேன் என்பதைப் போல. ஆனால் உன் குரலை எனக்குத் தெரியாதா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அப்பா எதிரில் நின்று, "நான் பிசியோதெரபி படிக்கப்போறேன்" என்று சொன்னாயே, அதே குரல். அப்பா என்ன சொன்னார் என்று இருவருக்கும் நினைவிருக்கிறது. "கையக் காலப் புடிச்சு விடுறதுக்கு நாலரை வருஷப் படிப்பா?" அப்பா போய்ச் சேர்ந்தார், அந்தக் கேள்வி வீட்டிலேயே இருந்தது. அம்மா அதற்குத் தன் வழியில் ஒரு பதில் கண்டுபிடித்தாள். கேட்கிறவர்களிடம் எல்லாம் உன்னை டாக்டர் என்று சொல்லிவிடுவாள். உனக்குப் பெண் பார்க்கக் கொடுத்த விவரத்திலும் அப்படியே எழுதச் சொன்னாள். "பொய் சொல்லிக் கல்யாணம் வேணாம்மா" என்றாய். "எல்லாரும் போட்டுக்கறாங்களே" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது, பெண் பார்ப்பதும் நின்றது.

ஆகவே காலத்தின் கழுத்து நம் வீட்டுக் கழுத்தானது. அது நிமிர்ந்து நின்றால் உன் படிப்பும் நிமிர்ந்து நிற்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா சர்ச்சில் ஜெபக் குறிப்பு கொடுத்தது நினைவிருக்கிறதா? ஆராதனை தொடங்குவதற்கு முன் புதிதாக வந்திருந்த போதகரிடம் போய், "காலத்துக்காக விசேஷமா ஜெபம் பண்ணுங்க ஐயா, நெலைமை மோசமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அவர் உருகிப்போய்விட்டார். ஜெப நேரத்தில், "நம் சபையின் ஒரு தாய் இந்தக் காலத்தைக் குறித்துப் பாரப்படுகிறார்கள்" என்று ஆரம்பித்து, பூகம்பம், சுனாமி, பிள்ளைகள் டிவி பார்ப்பது எல்லாவற்றையும் சொல்லி, இது கடைசிக் காலம் என்று முடித்தார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "கடைசி இல்லடி, அவன் முன்வரிசைன்னு அவருக்குச் சொல்லு!"

இதை உன்னிடம் சொன்னபோது நீ ஒரு பதில் கதை சொன்னாய். காலத்துக்கு நீ கொடுத்த பயிற்சிகளில் ஒன்று நம் ஊர்த் தலையாட்டல். ஆமாம் என்று மேலும் கீழும் ஆட்டுவதில்லை, இல்லை என்று பக்கவாட்டில் திருப்புவதுமில்லை. இரண்டுக்கும் நடுவே, தோளை நோக்கி மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்ப்போமே, அது. அதில் எவ்வளவு தூரம் வலியில்லாமல் போகிறான் என்று பார்ப்பாயாம். "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அவன் கேட்டானாம். "சரி, பார்ப்போம், ஆகட்டும், விடு, எல்லாம்தான்" என்றாயாம். "ஒரே ஆட்டத்தில் இவ்வளவுமா?" என்று அசந்துபோனானாம்.

பிறகு அந்த நவம்பர். உன் இதயம் தூக்கத்திலேயே நின்றது. அதைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை. இன்று சந்தோஷமான நாள், கெடுக்க மாட்டேன்.

ஆனால் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நீ பெட்டிக்குள் இருந்தாய், அதில் பாதியைப் பார்த்திருக்க மாட்டாய்.

உன்னோடு கூட வந்தது காலம். விமான நிலையத்தில் கழுத்துப் பட்டையோடு, கறுப்புக் கோட்டில், கூட்டத்துக்கு மேலே தனியாகத் தெரிந்தான். நம் தெருவில் வந்து இறங்கியதும் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்துத் தலையை நம் மாதிரி ஆட்டினார்கள். அவன் என் பக்கம் குனிந்து மெதுவாக இங்கிலீஷில் கேட்டான். "இங்கே எல்லாருக்கும் கழுத்தில் பிரச்சினையா?"

அந்த நாளில் நான் சிரித்தேன், எபி. அவன்தான் சிரிக்க வைத்தான்.

அந்த வருஷ மழை உனக்குத் தெரியாது. ஏரி நிரம்பி நம் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். சர்ச்சுக்கு உன்னை எடுத்துப்போன வண்டி தெருமுனை திரும்பும்போது சேற்றில் இறங்கிவிட்டது. பின்சக்கரம் சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஆளுங்க எறங்கித் தள்ளுனாதான் சார் நவுரும். இல்லாங்காட்டி இங்கியேதான்" என்றார். வந்தவர்கள் எல்லாரும் தள்ளினார்கள். ஒருவர் இடது பக்கம் தள்ளினார், ஒருவர் வலது பக்கம், இன்னொருவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால். வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

காலம் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். பிறந்ததிலிருந்து தள்ளுவதையே தொழிலாகச் செய்கிறவன். தோளை வண்டியில் வைக்கப் போனான். பின்னால் காரில் அழுதுகொண்டிருந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். புடவை நனைவதைக்கூடப் பார்க்கவில்லை.

"நோ! நோ புஷ்! நெக், நெக்! எபி வில் ஸ்கோல்ட்!"

அவ்வளவு பெரிய உருவம் அப்படியே நின்றது. பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கீழே போட்டான். பிறகு அம்மாவைப் பார்த்து, மெதுவாக, கழுத்துப் பட்டைக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு, நீ சொல்லிக்கொடுத்த தலையாட்டலை ஆட்டினான். சரி என்றான்.

பிறகு தள்ள வேண்டியதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். முதலில் மூன்று பேரை வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, ஒருவர் சட்டையை ஒருவர் இறுக்கிப் பிடிக்கச் செய்தான். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள். முதுகு நேராக, முழங்கால் மடங்கி, தலை நிமிர்ந்து. தொட்டுத் தொட்டுத் திருத்தினான். நம் பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜரும் எதிர்வீட்டு ரிட்டையர்டு சாரும் மதில் தகராறில் எத்தனை வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை! அவன் போய் அவர்கள் இரண்டு பேரையும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒருவர் கையை எடுத்து மற்றவர் தோளில் போட்டான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

காலம் இங்கிலீஷில் ஏதோ மூன்று சொல் கத்தினான்.

"இன்னாபா சொல்றாரு?" என்றார் டிரைவர்.

"குனி, புடி, தள்ளுன்றாருப்பா" என்றார் உன் அத்தான், மூன்றாவது ஆளாகக் குனிந்தபடி.

"அத்த நேரா சொல்லக் கூடாதா? ஐலசா!"

ஐலசா என்று எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். வண்டி ஒரு முறை முன்னும் பின்னும் ஆடி, குபீரென்று மேலே ஏறிவிட்டது. யாரோ கை தட்டிவிட்டார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள். பிறகுதான் உறைத்து, தலை குனிந்து அமைதியானார்கள். சாவு வண்டிக்குக் கை தட்டிய தெரு உலகத்திலேயே நம் தெருவாகத்தான் இருக்கும். நீ உள்ளேயிருந்து கேட்டாயா?

சர்ச்சில் பெரியப்பா எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார். "டாக்டர் எபினேசர்" என்றுதான் ஆரம்பித்தார். காலத்துக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. "டாக்டர் யார்?" என்று என்னிடம் கேட்டான். இங்கே மரியாதைக்காக அப்படிச் சொல்வார்கள் என்றேன். அவன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான். "மைதானத்தில் அடிபட்டு விழுந்தால் நாங்கள் கடவுளைக் கூப்பிடுவதில்லை, அம்மாவைக் கூப்பிடுவதில்லை. பிசியோ என்றுதான் கத்துவோம். பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்து பிசியோ என்று கத்தும். உடனே பையைத் தூக்கிக்கொண்டு எபி ஓடி வருவார். எங்களைப் பார்க்க டாக்டர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பிசியோ இவர் ஒருவர்தான்."

அவன் ஊருக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீ வழக்கமாகப் பேசும் நேரத்துக்குப் போன் அடித்தது. எங்கள் யாருக்கும் எடுக்கத் தைரியம் வரவில்லை. அம்மாதான் எடுத்தாள். காலம் பேசினான். அன்றிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவன்தான் பேசுகிறான். அம்மாவின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "நெக்?"

உன் இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். நல்லவர். ஆனாலும் நீ சொல்லிவைத்த வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்வேன் என்று காலம் பிடிவாதமாக இருந்தானாம். முதலில் இரண்டாம் அணியோடு, பார்க்க ஆளே இல்லாத ஒரு சேற்று மைதானத்தில் ஆடினான். முதல் முட்டலில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்களாம். கழுத்து நின்றது. பிறகு பழைய அணி. அடுத்த வருஷம், முடிந்துபோனது என்று எல்லாரும் நினைத்த நாட்டுச் சட்டை மறுபடி வந்தது. அன்று அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். மேனேஜரும் ரிட்டையர்டு சாரும் வாசலில் நின்றபடி ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று ஜனவரியில் சொன்னான். வயது முப்பத்திரண்டு. முட்டுக் கொடுக்கும் உடம்புக்கு அது முதுமை. "பரவால்ல, நல்லபடியா நிறுத்து" என்றாள் அம்மா. போனை வைத்த பிறகு என்னிடம், "கடைசி வரைக்கும் ஒரு ட்ரைகூடப் பண்ணலையே" என்றாள். மனசில் இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. கழுத்து ஜெயித்துவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். ஆனால் எனக்கும் ஆசை இருந்தது. உன் கைபட்ட அந்தக் கழுத்து ஒரு தடவையாவது தானே கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற ஆசை.

இறுதிப் போட்டிக்கு அந்தச் சானல் வரவேண்டுமென்று கேபிள்காரரை ஒரு வாரமாகத் துரத்தினேன். "ரக்பியா? அது இன்னாக்கா, மல்யுத்தமா?" "பந்து வச்சிருப்பாங்க." "பந்த வச்சிக்கினு மல்யுத்தமா? வூட்ல எல்லாரும் நல்லாத்தான கீறீங்க?" ஆனால் கொடுத்துவிட்டார். கரண்ட்தான் கொடுக்கவில்லை.

சரி, இன்று காலைக்கு வருகிறேன்.

அவர்கள் நாலு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஒரு ட்ரைக்கு ஐந்து புள்ளி. நேரம் முடியப் போகிறது. எதிரணியின் கோட்டுக்கு மிகப் பக்கத்தில் முட்டல். சத்தம் இல்லாததால் வாய்கள் மட்டும் கத்துகின்றன. காலம் குனிகிறான். அவன் பின்கழுத்தில் அந்த வெட்டுத் தழும்பு, கொஞ்சம் வெளுப்பாக. முட்டினார்கள். நம் பக்கம் அசையவில்லை, பிறகு ஓர் அடி முன்னே போனது. பந்து பின்னால் வந்தது. ஒருவன் எடுத்துப் பாய்ந்தான், வீழ்த்தினார்கள். இன்னொருவன் எடுத்தான், அவனையும் வீழ்த்தினார்கள். குவியலுக்குப் பக்கத்தில் பந்து தனியாகக் கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் நிற்பது காலம்.

எடுத்துவிட்டான், எபி. பத்து வருஷத்துக்கு மேலாக எடுத்துப் பிறருக்கே கொடுத்தவன், இந்தத் தடவை கொடுக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனான். மூன்று பேர் அவன்மேல் விழுந்தார்கள். ஒருவனின் கை அவன் கழுத்தைச் சுற்றி வளைக்கிறது. நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தக் குவியலிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வெளியே வந்தது, பந்தோடு. கோட்டின்மேல் வைத்தது. கோட்டைத் தொட்டாலே ட்ரைதான்.

நடுவர் உடனே சொல்லவில்லை. படம் பார்த்துச் சொல்லுங்கள் என்று மேலே டிவி அறையில் இருக்கும் நடுவரைக் கேட்டார். அதே கையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பெரிதாக, மெதுவாக. இரண்டு தலைமுறைக் காலம் போன மாதிரி இருந்தது. பிறகு நடுவர் கையை உயர்த்தினார்.

குவியல் கலைந்தது. காலம் கடைசியாக எழுந்தான். முகமெல்லாம் மண். கூட்டம் அவன்மேல் பாய்வதற்கு முன்னால், காமிரா எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடித்து, நேராகப் பார்த்து, தலையை ஆட்டினான். ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. வலது தோள், இடது தோள், வலது தோள். முழு தூரம். அந்த வர்ணனையாளர்கள் அதற்கு என்ன அர்த்தம் சொன்னார்களோ, எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவும் இல்லை.

நான் கத்தியதில் வீடே எழுந்துவிட்டது. அம்மா கலைந்த தலையோடு ஓடி வந்தாள்.

"ட்ரை பண்ணிட்டாம்மா!"

"பண்ணானா, போட்டானா? சரியாச் சொல்லு!"

"போட்டான்! ஜெயிச்சாச்சு!"

அம்மா அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் முழங்காலுக்கு அது ஆகாது, நீ இருந்தால் திட்டியிருப்பாய். திரையில் மறுபடி அந்தக் கையைக் காட்டினார்கள். அம்மா எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பின்னால் ஒரே பாட்டும் கூச்சலும். அம்மா முதலில் கேட்டது அதேதான். "நெக்?" அவன், "நெக் இஸ் கிராண்ட், மம்மி!" என்று கத்தினான். அம்மா போனை வைத்துவிட்டு, "கழுத்து கிராண்டா இருக்காம்" என்றாள். "ஏன், நெக்லஸ் போட்டுட்டாங்களா?" என்றார் உன் அத்தான். அவர்கள் ஊரில் கிராண்ட் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். நீ ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். நான் விளக்கவில்லை. கிராண்டாகவே இருக்கட்டும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மேனேஜர் மனைவி கேட்டருகே வந்துவிட்டார். "என்ன ஆன்ட்டி, காலங்காத்தால? நல்ல செய்தியா?"

அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "காலம் ஜெயிச்சுட்டான்மா. அந்தக் கழுத்து யாரு பாத்தது தெரியுமா? என் பையன் பாத்தது. டாக்டர் எபினேசர்."

எபி, என் சந்தோஷத்தில் அந்த இடத்தில் ஒரு கல் தடுக்கியது.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த மிகப் பெரிய சொல்லை எடுத்து உனக்குக் கிரீடமாக வைக்கிறாள். ஆனால் அந்தக் கழுத்தைப் பார்த்தது டாக்டர் எபினேசர் இல்லையே? அப்படி ஒருவர் இருந்ததே இல்லையே? அவர் ஜெயித்தால் நீ எங்கே போவாய்? மைதானமே எழுந்து நின்று கூப்பிட்ட ஒரு பெயர் உனக்கு இருந்தது. நம் வீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூச்சம்.

உன் கல்லறையில் இன்னும் சிமெண்ட் சிலுவையும் எண்ணும் மட்டும்தான் இருக்கின்றன. உதவியின் கல் என்று அர்த்தம் வரும் பெயரை வைத்துக்கொண்டு, உனக்கு ஒரு கல் இல்லை. காரணம் செலவு இல்லை. இரும்புலியூரில் கல் வெட்டுகிறவர் கறுப்புக் கல்லை எடுத்து வைத்துவிட்டு, "என்னா எழுதணும் மேடம்?" என்று கேட்டார். பெயருக்கு முன்னால் டாக்டர் வேண்டும் என்று அம்மாவும் பெரியப்பாவும் சொன்னார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. சண்டை போடப் பயம் இல்லை. உனக்கு எது வேண்டும் என்று நிச்சயமாகத் தெரியவில்லை என்றுதான் என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று தெரிந்தது.

இப்போது எல்லாரும் சர்ச்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மா அந்தப் போதகரிடம் காலத்துக்கு நன்றி ஜெபம் சொல்லப் போகிறாளாம். இந்தத் தடவை யார் அந்தக் காலம் என்று முதலிலேயே விளக்கச் சொல்லி உன் அத்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். நான் ஒரு வேலை இருக்கிறது, நேராக அங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

இரும்புலியூருக்குப் போகிறேன். உன் பெயருக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. பெயருக்குக் கீழே, பெயர் அளவுக்கே பெரிய எழுத்தில், பிசியோதெரபிஸ்ட் என்று வெட்டச் சொல்லப் போகிறேன். வசனம் வேண்டாம், பூ வேண்டாம். கல் நடப்பட்ட பிறகு அம்மாவை நானே கூட்டிக்கொண்டு வருவேன். அவள் அழுவாள், கோபப்படுவாள், சில நாள் என்னோடு பேச மாட்டாள். பக்கத்தில் நின்று அந்தச் சொல்லை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன், அவளும் சொல்லும் வரைக்கும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

எந்த வயதானாலும் உனக்கு மூத்தவளாகவே இருக்கப்போகிற,
கிருபா அக்கா